கோல்கீப்பர் வடிவேலின் தாயத்து

வடிவேல் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். அங்கே இருந்தவரை அவனை இந்தியாக்காரன் என்றார்கள். இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்து, எழுபத்தைந்தாம் வருஷம் அவனையும் மனைவி தெய்வம்மாவையும் கப்பலேற்றி, கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டில் கொண்டுவந்து விட்டபோது, இங்கிருந்தவர்கள் சிலோன்காரன் என்றார்கள். கோல் போஸ்டுக்கு நடுவில் நிற்கும்போது மட்டும் அவன் ‘நம்ம வடிவேலு’. கடைசி விசில் ஊதியதும் மறுபடி சிலோன்காரன்.

ஆள் ஒல்லி, கை நீளம். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் மைதானத்தில் இறங்குவான். கழுத்துக் கயிற்றில், தெய்வம்மா எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் மந்திரித்து வாங்கிய தாயத்து. அதன் பக்கத்திலேயே ஒரு அந்தோணியார் மெடல். விரல் உடைந்து கிடந்தபோது எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெஸிந்தா கொடுத்தது. மணிக்கட்டில் அழுக்கேறிய ஒரு நூல். ஹட்டனை விட்டுக் கிளம்பிய அன்று அங்கே பேக்கரி வைத்திருந்த சிங்கள முதலாளி குணபால அவனைப் புத்த கோயிலுக்குக் கூட்டிப்போய், பிக்கு கையால் கட்டவைத்தது அது. வடிவேல் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. கொடுத்தவர்கள் முகத்தை நினைத்து அவிழ்க்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வருஷம் குன்னூரில் நடந்த கோப்பைப் போட்டியில் எஸ்டேட் அணி ஃபைனலுக்கு வந்துவிட்டது. எதிரணி டவுன் கிளப். அதன் கேப்டன் சில்வஸ்டர் போட்டிக் கமிட்டியில் ஒரு புகார் வைத்தான்: எஸ்டேட் கோல்கீப்பர் உடம்பெல்லாம் மந்திரம் கட்டிக்கொண்டு நிற்கிறான், பந்து உள்ளே போகமாட்டேன் என்கிறது.

எஸ்டேட் அணியின் தலைவர் லிங்கசாமி கமிட்டியிலும் இருந்தார். எஸ்டேட் ஆபீஸில் ஹெட் கிளார்க், கோயமுத்தூர்க்காரர், பந்தைக் காலால் தொட்டறியாதவர். சில்வஸ்டர் கிக் அடிக்குமுன் சிலுவை போடுகிறானே, அது மட்டும் என்ன என்று அவர் திருப்பிக் கேட்டார். வெகுநேரம் வாதாடிவிட்டு, மைதானத்தில் மதச் சின்னம் எதுவும் கூடாது, இருதரப்புக்கும் இதுதான் சட்டம் என்று கமிட்டி முடிவுக்கு வந்தது.

ஃபைனலன்று அதே கமிட்டி மைதானத்தின் நடுவில் கற்பூரம் கொளுத்தி, கோல் போஸ்டில் தேங்காய் உடைத்தது. பாதிரியார் பந்தின்மேல் கை வைத்து ஜெபம் செய்தார். யாரோ கேட்டதற்கு, இதெல்லாம் சம்பிரதாயம், சின்னம் வேறு என்று விளக்கம் வந்தது.

பிறகு ரெஃப்ரி நஞ்சப்பன் வடிவேலைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். வடிவேல் துண்டால் நெற்றியைத் துடைத்தான். கயிற்றைக் கழற்றினான். நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். எல்லாவற்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

“இத எங்கங்கையா வைக்கிறது? நெலத்துல வைக்க முடியாதுங்க.”

நஞ்சப்பன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சில்வஸ்டர் வேறு பக்கம் பார்த்தான். மந்திரம் என்று புகார் கொடுத்தவனுக்கு அதைத் தொடப் பயம். கடைசியில் லிங்கசாமி வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வெறுங்கழுத்தோடு நின்ற வடிவேலுக்குச் சாமியைப் பற்றிப் பயமில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த தெய்வம்மாவின் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. இருந்தும் வந்த பந்தையெல்லாம் பிடித்தான். எஸ்டேட் ஒரு கோல் முன்னால் இருந்தபோது, ஆட்டம் முடியும் தறுவாயில் டவுன் கிளப்புக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. சில்வஸ்டர் பந்தை வைத்தான். பழக்கத்தில் கை நெற்றிக்குப் போனது. நஞ்சப்பன் முறைத்தார். அந்தக் கை பாதியில் திரும்பிக் காதைச் சொறிந்தது. அந்தக் குழப்பத்திலேயே உதைத்தான். பந்து நேராக வந்து வடிவேலின் நெஞ்சில் விழுந்தது.

கடைசி விசில் ஊதியதும் எஸ்டேட் ஜனங்கள் மைதானத்துக்குள் ஓடிவந்து தோளில் தூக்கினார்கள், லிங்கசாமியை. சாமியெல்லாம் அவர் பையில்தானே இருந்தது! அவரும் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் ஆபீசுக்குப் போய் வடிவேல் தன் சாமான்களைக் கேட்டான். கயிறு லிங்கசாமியின் கழுத்தில் இருந்தது.

“இருக்கட்டும்ப்பா, நானே போட்டுக்கறேன். உனக்குத்தான் அது இல்லாமயே பந்து புடிக்க வருதில்ல?” என்றார்.

வடிவேல் சும்மா திரும்பிவிட்டான். தெய்வம்மா சும்மா இருக்கவில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில், அத்தனை பெண்களும் கூடையோடு நிற்கும்போது, கணக்குப் பார்க்க வந்த லிங்கசாமியின் எதிரே போய் நின்றாள்.

“எங்க வீட்டுக்காரரு கழுத்துல கெடந்தது ஒங்க கழுத்துல என்னாங்கையா செய்யுது? தாலிக்கயிறா இருந்தாலும் இப்புடித்தான் எடுத்துப் போட்டுக்குவீங்களா?”

பெண்கள் சிரித்த சிரிப்பில் லிங்கசாமியின் காது சிவந்தது. அங்கேயே கழற்றிக் கொடுத்தார். நூல் எங்கே என்று தெய்வம்மா கேட்டாள். அழுக்காக இருந்தது, சிங்களவன் கட்டினது வேறு, அன்றைக்கே தூக்கி எறிந்துவிட்டேன் என்றார்.

அதைக் கேட்டுவந்து அவள் சொன்னபோது வடிவேல் வெகுநேரம் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தான். பிறந்த ஊரிலிருந்து அவன் உடம்போடு வந்தது அந்த நூல் ஒன்றுதான். தாயத்து வேறு வாங்கலாம். குணபால முதலாளியை எங்கே போய்ப் பார்ப்பது?

அடுத்த வருஷம் லிங்கசாமி ஆட்டத்துக்குக் கூப்பிட்டபோது முழங்கால் வலி என்றான். எஸ்டேட் அணி புதிதாக ஒருவனை நிறுத்தி, லிங்கசாமி செலவில் அவனுக்கு வெள்ளித் தாயத்து கட்டி, கோல் போஸ்டுக்கு அடியில் எலுமிச்சம்பழமும் புதைத்தது. முதல் ஆட்டத்திலேயே ஐந்து கோல் வாங்கியது.

எதிர்க் கோல் போஸ்டில் டவுன் கிளப்புக்காக நின்றிருந்தவன் வடிவேல். முழங்காலில் வலி ஒன்றும் இல்லை. சில்வஸ்டர் தொழிலாளர் லயத்து வீட்டுக்கே வந்து கூப்பிட்டிருந்தான்.

“அண்ணே, எதை வேணும்னாலும் போட்டுக்கிட்டு வாங்க. பந்தப் புடிச்சா சரி.”

கமிட்டியின் சட்டம் என்னவானது என்று அன்று யாரும் கேட்கவில்லை. தெய்வம்மா லீவு போட்டுவிட்டு, டவுன்காரர்கள் பக்கமாகப் போய் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தாள்.