தப்பாகவே சொல்ல வேண்டிய துப்பறிவாளன்

எங்கள் மட்டாஞ்சேரி சமூக மடத்து ஆண்டு விழாவில் துப்பறியும் நாடகம் ஒன்று கட்டாயம் உண்டு. உலகமே அறிந்த அந்த லண்டன் துப்பறிவாளனுக்கு வேட்டி கட்டி, புகைக்குழாய்க்குப் பதில் பப்பாளிக் காம்பை வாயில் செருகி மேடையேற்றுவோம். வசனம் தமிழ்தான், எழுதுவது மலையாள எழுத்தில். இங்கே மலையாளப் பள்ளியில் படித்ததால் நடிப்பவர்களில் பாதிப் பேரால் தமிழ் எழுத்தை வாசிக்க முடியாது. கடைசிக் காட்சியில் துப்பறிவாளன் மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தில் ஒருவரின் செருப்பைப் பார்த்தே அவர் வாழ்க்கையைச் சொல்வான். சொல்வது அத்தனையும் தப்பாக இருக்க வேண்டும். எவ்வளவு தப்போ அவ்வளவு சிரிப்பு. ஒரு வருஷம் மடத்துச் சமையல்காரரைப் பார்த்து, நீர் இடக்கொச்சியில் மீன் வலை வீசுகிறவர் என்றதற்கு, மனிதர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த முறை வேஷம் எனக்கு. எனக்கு மேடை பழக்கமில்லை. அதனால் கோபித்துக்கொள்ளாத ஆளாகப் பார்த்து, அக்காவின் கணவரைத் தேர்ந்தெடுத்தேன். அத்திம்பேருக்கு மிளகு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலை. மழையோ கடையடைப்போ, மனிதர் ஒரு நாள் மட்டம் போட்டதில்லை என்று அக்கா பெருமை பேசிப் பேசி எங்கள் காதெல்லாம் புளித்திருந்தது. அதற்கு நேர்மாறாக வசனம் எழுதிக்கொண்டேன்.

விழாவன்று அவர் முன்னால் போய்க் குனிந்தேன். பக்கத்தில் அக்கா சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"செருப்புலே மிளகு வாசனையே இல்லை. பீச் மணலாக்கும் இது. சார் ஆபீஸ் போய் ஒரு மாசம் ஆச்சு. சாப்பாட்டுப் பாத்திரத்தோட பெஞ்சுலே உக்காந்து கப்பல் பாக்கறார்."

மடமே அதிர்ந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்திம்பேரும் சிரித்தார். ஆனால் அவர் கால்கள் மெல்ல நாற்காலிக்கு அடியில் போயின. நிமிர்ந்து முகத்தைப் பார்த்ததும், நான் சொன்னது தப்பாக அமையவில்லை என்று புரிந்தது. வேலை போனதை வீட்டில் சொல்லவில்லை என்பது என் அடுத்த வசனம். கூட்டம் காத்திருந்தது. அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பது போல் பட்டது. அது என் பயமாகவும் இருக்கலாம். வசனத்தை விழுங்கிவிட்டு, இவர் கலூர் மைதானத்தில் பந்து விளையாடுகிற பெரிய ஆட்டக்காரர் என்று வாய்க்கு வந்ததை உளறி, அவர் தொந்தியைத் தட்டிக் காட்டினேன். கைதட்டலில் தப்பித்தேன்.

அதன் பிறகு பந்தியில் பாயசத்தைத் தொடாமலே எழுந்தேன். கை கழுவப் போன இடத்தில் அத்திம்பேர் என் பின்னாலேயே வந்து, குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் அவர் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது.

"நீ எப்போ என்னை பீச்சுலே பாத்தாய்?"

பார்க்கவே இல்லை, தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் அப்படி எழுதினேன் என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. அக்காவுக்கும் தெரியுமா என்று மறுபடி மறுபடி கேட்டார். தெரியாது என்று சொல்லப் போய் நிறுத்திக்கொண்டேன். எனக்கு என்ன தெரியும்? உள்ளே அக்கா யாரிடமோ அந்தக் காட்சியைச் சொல்லிச் சிரிப்பது கேட்டது. அவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"வேலை போனதை நீயே அவகிட்டே பறஞ்சுடேன்," என்றார். "நான் பறஞ்சா அழுவா. நீ பறஞ்சா, முதல்லே கொஞ்சமாவது சிரிப்பா."