வாளிக்குள் பீர் வைக்க மறுத்த நெல்டா

நெல்டா ஸ்டிடம் கெட்டில் ஃபோர்க் பள்ளத்தாக்கில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி வண்டியை மலைச்சாலையில் திருப்பிக்கொண்டு வரும்போதுதான் அவளுக்குப் பாட்டு வரும். வீட்டுக்கு வந்து கிட்டாரை எடுப்பதற்குள் வார்த்தையெல்லாம் தானாகவே கூடியிருக்கும். அமெரிக்காவில், கென்டக்கியின் அந்தக் கிழக்கு மலைகளில் பாட்டுக் கட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அதனால் அவள் பாட்டை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய தம்பி ஹார்லிஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். கூரைப் பாறை சரிந்து முதுகு போயிற்று. வலிக்குக் கொடுத்த மாத்திரை, வலி குறைந்த பிறகும் அவனை விடவில்லை. மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்புறம் யாரும் சொல்லாமல் அவனாகவே, அந்தப் பழக்கத்தை முறிக்கிற மருந்துக்காகப் பக்கத்து ஊர் மருத்துவ நிலையத்துக்குப் போய் தினமும் காலையில் வரிசையில் நிற்க ஆரம்பித்தான். கையில், சுரங்கத்துக்குக் கொண்டுபோன அதே வட்டமான அடுக்குச் சாப்பாட்டு வாளி இருக்கும்.

பேருந்து அந்த வழியாகத்தான் போகும். வாளியோடு தம்பி நிற்பதைப் பார்த்துப் பார்த்து நெல்டா ஒரு பாட்டுக் கட்டினாள். தான் வேலைக்குப் போவதாக ஊர் நினைக்கட்டும் என்று, வெட்கத்தோடு வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒருவனின் பாட்டு. மாவட்டத் திருவிழாவில் அதைப் பாடியபோது, அங்கே வந்திருந்த ட்ரென்ட் மேப்ரி என்பவன் மேடைக்குப் பின்னால் வந்து அவளைப் பார்த்தான். நாஷ்வில் நகரத்தில் பெரிய பாடகர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் இருந்தான். பள்ளி விடுமுறையில் அவளை வரச் சொன்னான்.

அங்கே ஒரு அறையில் ட்ரென்டும் இன்னும் இரண்டு பேரும் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு வருமுன்பே தாளம் ஓடிக்கொண்டிருந்தது. நெல்டா பாடி முடித்ததும் ட்ரென்ட் உண்மையாகவே நெகிழ்ந்துபோனான். அதன் பிறகுதான் வேலையை ஆரம்பித்தான்.

"அந்த வாளி இருக்கே, அது தங்கம்தாம்மா. ஆனா மருந்துக்கு வரிசையில நிக்கிறவன் பாட்ட, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியில போறவன் எவன் கேப்பான்? தம்பிய எடுத்துட்டு ஒரு பொண்ணப் போடுவோம். ஆஸ்பத்திரிக்குப் பதிலா ஆத்தங்கரை. வாளி அப்படியே இருக்கட்டும். உள்ள பீர் இருக்கட்டும்."

மத்தியானத்துக்குள் பாட்டு தயாராகிவிட்டது. ஆற்றங்கரை, பெரிய சக்கரம் போட்டு உயர்த்திய டிரக், வெறுங்காலோடு ஒரு பெண், நிலா, வாளி நிறையக் குளிர்ந்த பீர். அவர்கள் கைதேர்ந்தவர்கள், அதில் சந்தேகமில்லை. நெல்டாவின் கால் அவளைக் கேட்காமலே தாளம் போட்டது. அதுதான் அவளுக்கு ரொம்பக் கோபத்தைக் கிளப்பியது.

"இந்தப் பையன் பேரு என்னங்க?" என்று கேட்டாள்.

"எந்தப் பையன்?"

"பீர் குடிக்கிறவன். எந்த ஊரு? அவங்கம்மா யாரு?"

ட்ரென்ட் சிரித்தான். "அவன் எல்லாருந்தாம்மா. வித்தையே அதுலதான் இருக்கு."

"எல்லாருமா இருக்கிறவன எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான். வாளிய நான் எடுத்துட்டுப் போறேன். பீர நீங்களே வச்சுக்குங்க."

ட்ரென்ட் கோபப்படவில்லை. இப்படிப் போனவர்கள் பலர், திரும்பி வந்தவர்களும் பலர் என்று மட்டும் சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

வழியெல்லாம் நெல்டாவின் தலை நிமிர்ந்திருந்தது. பிடில் வைத்தால் நல்ல பாட்டு, கணினித் தாளம் வைத்தால் கெட்ட பாட்டு என்று நினைக்கிற ஆள் அல்ல அவள். அப்பா வைத்திருந்த பழைய இசைத்தட்டுகளிலும் மழை, விஸ்கி, ரயில், செத்துப்போன அம்மா என்று வரிசை மாறாமல் அடுக்கிய குப்பை எவ்வளவோ உண்டு. பாட்டுக்குள் ஒரு ஆள் இருக்கிறானா இல்லையா, கேள்வி அவ்வளவுதான். தன் பாட்டில் ஆள் இருக்கிறான் என்று அவள் நிச்சயமாக நம்பினாள்.

அந்த வாரக் கடைசியில் தீயணைப்பு நிலையத்தில் ஊர்ச் சாப்பாடு. அவித்த பீன்ஸும் சோள ரொட்டியும் போட்டார்கள். நெல்டா எழுந்து வாளிப் பாட்டைப் பாடினாள். தட்டோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஹார்லிஸ் இரண்டாவது சரணத்தில் எழுந்தான். தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வெளியே போனான். ஊர் கைதட்டியது. நெல்டாவுக்கு அது காதில் விழவில்லை.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனாள். ஹார்லிஸ் வாசற்படியில் உட்கார்ந்து வாளியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டான்.

"உன்னக் கேட்டுட்டுப் பாடியிருக்கணும்டா," என்றாள்.

"கேக்கல, அத விடு. பொய் பாடினியே, அதுதான்க்கா தாங்கல."

"என்ன பொய்?"

"எனக்கு எதுக்கு வெக்கம்? நான் காலையில எங்க போறேன்னு இந்தப் பள்ளத்தாக்குல நாய்க்குக்கூடத் தெரியும். வாளியத் தூக்கிட்டுப் போயி யார ஏமாத்தப் போறேன்?"

"அப்ப எதுக்குத் தூக்கிட்டுப் போற?"

இத்தனை மாதத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. ஹார்லிஸ் மேலடுக்கைக் கழற்றிக் கீழே காட்டினான். அடியில் தண்ணீர் இருந்தது.

"சுரங்கத்துக்குள்ள மாட்டிக்கிட்டா, ஆளுங்க தோண்டிட்டு வர்ற வரைக்கும் குடிக்க இது. சாப்பாடு தீந்தாலும் இதத் தொடமாட்டோம். நான் இன்னும் உள்ளதான்க்கா இருக்கேன். வெளிய வந்துட்டேன்னு தோணுற அன்னைக்கு வாளிய வீட்ல வச்சுட்டுப் போறேன்."

தன் பாட்டுக்குள் அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது நெல்டாவுக்குப் புரிந்தது. பாட்டுகளில் வருகிற நொடிந்த மனிதன் எப்போதும் தலைகுனிந்துதான் நிற்பான். நூறு பாட்டுகளில் கேட்டதைத் தம்பியின் முகத்தில் ஒட்டவைத்திருக்கிறாள். ட்ரென்டுக்குப் பீர் எந்தக் கடையில் கிடைத்ததோ, அதே கடையில்தான் இதுவும் வாங்கியது.

அன்றைக்கே பாட்டைப் பிரித்துப் போட்டாள். தண்ணீர் வந்ததும் எதுகை கெட்டது. புது வரி தாளத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வெட்டிப் பார்த்தாள், உயிர் போயிற்று. நீட்டிக்கொண்டே நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள். கோடை முழுக்க அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் அதே வாசற்படியில் உட்கார்ந்து தம்பிக்குப் பாடிக் காட்டினாள். அவன் ஒரே ஒரு திருத்தம் சொன்னான்: "தகர வாளி இல்லக்கா, அலுமினியம்."

தேவாலயத்தின் கீழறையில், தீயணைப்பு நிலையத் தலைவர் பிடில் வாசிக்க, அதைப் பதிவு செய்தார்கள். உள்ளூர் வானொலி காலையில், இறப்புச் செய்திகளுக்கும் காணாமற்போன நாய்களின் அறிவிப்புக்கும் நடுவில் அதைப் போட்டது. மருந்து வரிசையில் முன்பின் தெரியாத ஒருவன் வாளியைத் திறந்து காட்டச் சொன்னதாகவும், பார்த்துவிட்டுத் தோளைத் தட்டியதாகவும் ஹார்லிஸ் அக்காவிடம் சொன்னான். வாளியை அவன் இன்னும் வீட்டில் வைக்கவில்லை.

ட்ரென்டின் ஆற்றங்கரைப் பாட்டும் வெளியே வந்தது. வாளிக்குப் பதிலாக ஐஸ் பெட்டி. பேருந்தில் பிள்ளைகள் சத்தம் கூட்டச் சொல்லிக் கேட்டார்கள், நெல்டா கூட்டினாள். அடுத்த கோடையில் புதுப் பாட்டொன்றில் அதே ஆற்றங்கரையில் வேறொரு டிரக் வந்து நின்றது. அதையும் பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடினார்கள்.

இப்போது நெல்டா பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் ஓபல் நோபிளைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறாள். ஊர் கேட்பதற்கு முன் ஓபல் கேட்கட்டும் என்று, போன வாரம் கிட்டாரோடு சமையலறைக்கே போய்ப் பாடினாள். ஓபல் கிளறுவதை நிறுத்தாமல் கேட்டு முடித்தாள்.

"ரெண்டாவது அடி என்னைப் பத்தி இல்ல. யாரோ டிவியில வர்ற பொம்பள."

நெல்டா கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி, நீ சொல்லு," என்றாள்.