மெத்தைக்குள் வைத்த துப்பாக்கி

என் மாமனார் மெத்தை தைப்பவர். ஒருமுறை திருடர்கள் புகுந்து கையை முறித்துப்போட்ட பிறகு, துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டுத் துப்பாக்கிகளை எல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்ததும் மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

"வண்டியைப் பதிவு பண்ணலையா மாமா? அது மாதிரிதானே?" என்றேன்.

"வண்டியை எவனும் பிடுங்கமாட்டான். இதை இன்னைக்குப் பதிவு பண்ணும்பான், நாளைக்குக் கொடும்பான். உனக்கு வாய்தான் நீளம்."

அந்தப் பயம் எனக்கும் புரிந்தது. ஆனால் அவர் செய்த காரியம் இருக்கிறதே! துப்பாக்கியைப் புது மெத்தை ஒன்றின் பஞ்சுக்குள் வைத்துத் தைத்துவிட்டார். மாமியாரிடம்கூட மூச்சு விடவில்லை. மறுநாள் அவர் வெளியே போயிருந்தபோது மாமியார் அந்த மெத்தையை எதிர்வீட்டு நர்சுக்கு விற்றுவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் செருப்புகூடப் போடாமல் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். நர்சின் சின்ன மகள் மெத்தைமேல் குதித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, தையலைப் பிரித்தார். துப்பாக்கிக்குள் குண்டு இருந்தது. அதைத் தனியே எடுத்துவிட்டு, நேராகக் காவல் நிலையத்துக்குக் கிளம்பினார்.

"பிடுங்கிக்கிட்டா என்ன மாமா பண்ணுவீங்க?"

"பிடுங்கட்டும்மா. அந்தப் பிள்ளை என்ன குதி குதிச்சுது, பார்த்தியா?"