பனிமலைப் பாதையில் ஓர் இடுக்கு

அலுவலகத்தில் அவளுக்கு முட்டுக்காரி என்று பெயர். கேலி பாதி, உண்மை பாதி. குட்டிக் கார்களைப் பந்தயம் விடும் அந்த வீடியோ கேமுக்கு, தனியாக டவுன்லோட் செய்துகொள்ளும் புதுப் பாதைகள் வெளிவரும் முன், ஒவ்வொரு சுவரிலும் மூலையிலும் காரைக் கொண்டுபோய் மோதி, எங்கே மாட்டிக்கொள்கிறது என்று சொல்வதுதான் அவள் வேலை.

"செவுத்துல முட்டுறதுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போகணுமா? நம்ம வீட்டுலயும் நாலு செவுரு இருக்கே" என்பாள் அம்மா.

அவளுடைய அறையில் இருந்த ஒரே ஜன்னலையும், திரையில் வெளிச்சம் அடிக்கிறதென்று அட்டை வைத்து மூடிவிட்டார்கள். பாதைகளை வரைகிறவர்கள் மாடியில் இருந்தார்கள். அங்கே ஓர் இடம் காலி. ஒரு வளைவாவது தன் கையால் வரைந்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இந்தப் பாதைத் தொகுப்பு வெளியே போனதும் அவளை மேலே அனுப்புவதாக மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். போன தடவையும் அப்படித்தான் சொன்னார். கடைசி நேரத்தில் அவள் ஒரு கோளாறைக் கண்டுபிடிக்கவே, இவளை விட்டால் ஆளில்லை என்று பேச்சை மாற்றிக்கொண்டார்.

இந்தத் தடவை பாக்கி இருந்தது பனிமலைப் பாதை மட்டும். குகையைத் தாண்டி, யாரும் போகாத பக்கமாகப் பின்னோக்கி ஓட்டினாள். இரண்டு பாறைகளுக்கு நடுவே கார் செருகிக்கொண்டது. முன்னே போகவில்லை, பின்னே வரவில்லை. பாதையை விட்டு விழுந்தால் தூக்கிவிட ஒரு பலூன் வரும். அதுவும் வரவில்லை. கார் ஓடிக்கொண்டிருப்பதாகவே கேம் கணக்குப் போட்டிருந்தது.

சுற்றிலும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மாடி நிச்சயம். திரையில் மற்ற கார்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போயின. எங்கோ ஒரு குழந்தை இதே இடத்தில் நின்றுபோய், பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்ப்பது போல் இருந்தது. எழுந்துபோய் மேற்பார்வையாளரைக் கூட்டிவந்தாள்.

அவர் தானே ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உன்னைத் தவிர யாரு கண்ணுலம்மா இது படும்?"

"அப்போ மாடி, சார்?"

"அடுத்த செட் முடியட்டும்மா."

மறுநாள் பாறையை நகர்த்தியிருந்தார்கள். அதே இடத்தில் போய் முட்டினாள். கார் அலுங்காமல் வெளியே வந்தது. சரிபார்க்க இன்னொரு முறை செய்தாள். பிறகு, தேவையே இல்லாமல், மறுபடியும்.