நீலச் சட்டை போட்டால் அப்பா இல்லை

போன செவ்வாய்க்கிழமை நான் வீட்டுக்குள் இருக்கும்போதே, நான் வீட்டில் இல்லை என்று என் மகள் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டாள். அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினையே.

தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு ஒன்றின் முன்னறையில் மெஷின் போட்டு, ஹட்டனில் ஒரு கடைக்குப் பள்ளிச் சீருடை தைக்கிறவன் நான். மனைவி செல்வி கொழுந்து பறிக்கப் போகிறாள். லீவு நாட்களில் ஏழு வயது யதுஷி என் பொறுப்பு.

எங்கள் தோட்டத்தில், காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்கிறவர்தான் வேலை செய்கிறவர். வீட்டிலேயே இருந்து தைக்கிறவன்? "நீங்க சும்மா வீட்டுலதானே இருக்கீங்க டெய்லரண்ணே" என்று பக்கத்து வீட்டு ராணி, அடுப்பில் இருக்கும் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்வாள். இன்னொருவர் சாவியைத் தந்துவிட்டுப் போவார். முடியாது என்று சொல்ல எனக்குக் கூச்சம். யதுஷியோ ஐந்து நிமிடத்துக்கு ஒரு 'அப்பா'... போனில் கடைக்கார நானா - ஸ்கூல் தொறக்கப் போகுது, உடுப்பு எங்கே?

ஒரு யோசனை செய்தேன். ஆட்கள் பெரட்டுக்குப் போகும் நேரத்தில் நானும் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவது. லயத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, அதே வாசலில் நுழைந்து, மெஷினில் உட்காருவது.

"உங்கள வேலை வாங்குற கண்டாக்கு யாருங்க?" என்று செல்வி சிரித்தாள்.

யதுஷி சிரிக்கவில்லை. நீலச் சட்டை போட்டிருந்தால் அப்பா வேலையில் இருக்கிறார், கூப்பிடக் கூடாது, பகல் சங்கு ஊதினால்தான் அப்பா என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

சில நாட்கள் அற்புதமாகப் போயின. ஒரு கொலர்கூடக் கோணவில்லை.

செவ்வாயன்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் கிடந்த தகரம் அவள் காலைக் கிழித்துவிட்டது. வாசல்வரை வந்திருக்கிறாள். சட்டையைப் பார்த்திருக்கிறாள். வெளியே கிடந்த வெட்டுத் துணியில் ஒன்றை எடுத்துத் தானே கட்டிக்கொண்டு, லயத்துக்கு மேலே செல்வி நிற்கும் மலைக்கு ஏறிவிட்டாள். நான் குனிந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பன் எங்கே என்று அங்கிருந்த பெண்கள் கேட்டார்களாம். அப்பா வேலைக்குப் போய்விட்டார் என்றாளாம்.

செல்வி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். வெள்ளைத் துணி சிவந்திருந்தது. அன்று செல்விக்கு அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான் விழும். மகளை என் மடியில் உட்கார வைத்தாள்.

"இந்தக் காலோட இவ மலை ஏறி வந்திருக்கா. நீங்க எங்கதாங்க இருந்தீங்க?"

எங்கே இருந்தேன்? இன்றுவரை யோசிக்கிறேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மூன்று தையல். தையல்தான் என் தொழில். ஆனாலும் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

திரும்பி வரும்போது, ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று மெதுவாகக் கேட்டேன்.

"நீங்கதானே கூப்பிடக் கூடாதுன்னு சொன்னீங்க. அம்மா அப்படிச் சொல்லலையே."

மறுநாள் சட்டையை மாட்டவில்லை. மூன்று வீட்டுச் சாவி, ஒரு பால் சட்டி, நானாவின் போன், மடியில் மகள். ஒரு களிசானின் இரண்டு கால்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிட்டேன்.

சட்டை போட்டால் பிள்ளைக்கு அப்பா இல்லை. போடாவிட்டால் கடைக்கு டெய்லர் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எனக்குத்தான் இது பிடிபடவில்லையா, இல்லை... படித்தவர்களுக்கும் அப்படித்தானா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

இன்று காலை மறுபடி சட்டையைப் போட மனதைத் திடப்படுத்திக்கொண்டு, அதை மாட்டி வைக்கும் ஆணியைப் பார்த்தேன். சட்டையைக் காணோம். வெட்டுத் துணி மூட்டைக்கு அடியில் ஒரு நீலக் கை மட்டும் எட்டிப் பார்த்தது.

அதை நன்றாக உள்ளே தள்ளிவிட்டு, மெஷினில் உட்கார்ந்தேன்.