தாய்மாமனைக் கட்டிய குற்றம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எது குற்றம் என்று தெரிந்துகொள்ளச் சட்டப் புத்தகம் தேவையில்லை. துரையின் முகத்தைப் பார்த்தால் போதும். கேட்காமல் சவுக்கு மரத்தில் ஒரு கிளை ஒடித்தால் குற்றம். சொல்லாமல் சொந்தக்காரரை லயத்து வரிசைவீட்டுக் காம்பரா அறையில் தங்கவைத்தால் குற்றம். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது சிரித்தால் அதுவும் குற்றம். சின்னக் குற்றத்துக்கு அரைப்பேர்; அதாவது நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்தாலும் பாதி நாள் கூலிதான். பெரிய குற்றத்துக்குப் பற்றுச்சீட்டு. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும். நான் வாயாடி, அதனால் அரைப்பேரை நிறையப் பார்த்தவள். ஆனால் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற ஒரு குற்றத்தைச் செய்துவிட்டு நிம்மதியாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குக் கல்யாணமாகிச் சில வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நான் என் தாய்மாமனைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு வந்த சனம் நாங்கள். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? என் புருஷன் என் அம்மாவின் கடைசித் தம்பி. எனக்குக் காது குத்தும்போது அவர் மடியில்தான் உட்காரவைத்தார்கள். அப்போது அவரே சிறுபிள்ளை. என்னைவிட அவர்தான் அதிகம் அழுதார் என்று அம்மா கேலி செய்வாள். அப்பா இறந்த பிறகு அம்மாவையும் என்னையும் தாங்கியவர் அவர். அவர் இருக்க என்னை வெளியில் கொடுத்திருந்தால் எங்கள் ஆட்களிடம் அதுதான் குற்றம். அக்காளுக்கும் தம்பிக்கும் பேச்சு அற்றுப்போயிருக்கும், ஒருவர் சாவுக்கு ஒருவர் வந்திருக்க மாட்டார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார். லயமே கூடிச் சாப்பிட்டது. பதிவு என்று ஒன்று இருப்பதை யாரும் நினைக்கக்கூட இல்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு எங்களை நாடில்லாதவர்கள் ஆக்கினார்கள். பிரஜாவுரிமை வேண்டுமென்றால் மனுப் போடு என்றார்கள். புருஷன் மனுவிலேயே பெண்டாட்டி, பிள்ளையையும் சேர்க்கலாம், ஆனால் கல்யாணத்தைப் பதிந்துவிட்டு வா என்று தோட்டத்துக் கிளாக்கர் சொன்னார். எங்கள் மகள் அப்போதுதான் ஓடியாடத் தொடங்கியிருந்தாள். கல்யாணப் பதிவு இல்லாததால் அவள் பிறப்புப் பதிவில் அப்பா பெயர் ஏறவில்லை. அதையும் சேர்த்துச் சரிசெய்துவிடலாம், இவளாவது ஒரு நாட்டுக்காரியாக வளரட்டும் என்று இருவரும் லீவு சொல்லிவிட்டு லிந்துலைப் பதிவு ஆபீசுக்கு இறங்கினோம். நான் கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தேன்.

பதிவுகாரர் யாழ்ப்பாணத்துக்காரர். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். எல்லாம் கேட்டு எழுதியவர், “ரெண்டு பேரும் சொந்தமோ?” என்றார்.

இந்தக் கேள்விக்குத்தானே எங்கள் ஆட்கள் காத்திருப்பார்கள்! என் மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “அசல் இல்லீங்க ஐயா. சொந்தத் தாய்மாமனுங்க நான். எங்கக்கா மகதான் இது” என்றார்.

பதிவுகாரர் பேனாவை வைத்துவிட்டார்.

“தாயின்ரை கூடப்பிறந்த சகோதரமோ?”

“ஒரே வயித்துப் பிள்ளைங்க ஐயா.”

“மாமன்ரை மகனெண்டால் சரி; இந்த நாட்டிலை இது கலியாணமில்லை, குற்றம். ஒரு வருஷம் வரைக்கும் மறியலிலை போடுவினம். எழுதினால் மட்டுமில்லை, சேர்ந்து குடும்பம் நடத்தினாலும் குற்றம்தான்.” என் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நீர் ஒண்டும் சொல்லேல்லை. நான் ஒண்டும் கேக்கேல்லை. போங்கோ.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மாமன் மகனைக் கட்டலாமாம், மாமனைக் கட்டக் கூடாதாம். தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் கடலில் எந்த இடத்தில் ஒரு கல்யாணம் குற்றமாகிறது என்று கேட்க நாக்கு துடித்தது. அவர்தான் என் கையை அமுக்கிக்கொண்டு கெஞ்சினார்.

“எங்க ஊர்ல இது வழக்கமுங்க ஐயா.”

“ஓம், அங்கை வழக்கமெண்டு விட்டிடுவினம்.”

“நாங்களும் அந்த ஊர் ஆளுங்கதானுங்களே?”

“அந்த ஊர் ஆக்களெண்டால் பிறகென்னத்துக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேக்கிறீர்?”

பதிவுகாரர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டார்.

மலையேறி வந்து விஷயத்தைச் சொன்னோம். அம்மா ஒப்பாரி வைத்தாள், தம்பியை மகளுக்குக் கொடுத்து இருவரையும் ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தேனே என்று. கடைசியில் கிளாக்கர் ஒரு வழி சொன்னார். மாமா கல்யாணமாகாதவர் என்று தனியாக மனுப் போடுவது. நான் பிள்ளையோடு தனியாகப் போடுவது. விதவை அக்கா, அவள் தம்பி, மகள், பேத்தி என்று ஒரே காம்பராவில் நாலு பேர் இருப்பதில் எந்த நாட்டுச் சட்டமும் குறை சொல்லாதல்லவா? உண்மையும் அதுதான். ஒரே ஓர் உண்மையை மட்டும் விட்டுவிட வேண்டியிருந்தது.

விசாரணைக்குக் கூப்பிடச் சில வருடங்கள் ஆயின. அதற்குள் மகள் நன்றாகப் பேசக் கற்றுவிட்டாள். முறைப்படி பார்த்தால் அம்மாவின் தாய்மாமன் அவளுக்குத் தாத்தா. ஆகவே அவரைத் தாத்தா என்று கூப்பிடப் பழக்கினோம். முதலில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தலையில் ஒரு நரைகூட இல்லாத மனுஷனைத் தாத்தா என்றால் சிரிக்காமல் என்ன செய்வாள்? அவரும் கூனிக் குறுகி, தடியூன்றி நடந்து காட்டி அவளைச் சிரிக்கவைத்தார். நான் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நுவரெலியாவில் விசாரணை நடந்தது. அதிகாரி சிங்களவர், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர். அக்கம்பக்கத்து மனுக்களை ஒன்றாகவே கூப்பிட்டதால் நாங்கள் மூவரும் ஒரே மேசை முன் நின்றோம். தாலியை ரவிக்கைக்குள் விட்டிருந்தேன். அதிகாரி மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மாமாவைக் காட்டி, இது யார் என்று கேட்டார்.

“தாத்தா” என்றாள் பட்டென்று. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா; மொழிபெயர்ப்பவர் குறுக்கிட்டு, பாட்டன் என்று சொன்னார். என் உயிர் திரும்பி வந்தது.

“அப்பா எங்கே?”

இந்தக் கேள்விக்கு நாங்கள் பழக்கவில்லை. பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் உதடு பிரிவதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

“தவறிட்டாருங்க.”

மொழிபெயர்ப்பவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தாலியை மறைத்தவள், நெற்றிக் குங்குமத்தை மறந்துபோயிருந்தேன். அவர் கண் என் நெற்றியில் நின்றது, பிறகு என் மாமாவின் முகத்துக்குப் போனது. ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். என் புருஷன் என் பக்கத்திலேயே நின்று தன்னைக் கொன்றார், நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அழக்கூட முடியவில்லை, அழுதால் ஏன் என்று கேட்பார்களே.

பஸ்ஸில் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு மகள் தாத்தா, தாத்தா என்று கதை பேசிக்கொண்டே வந்தாள். போதும் என்று நான் அதட்டினேன். “விடு, பழகட்டும். தோட்டத்துக்கே வந்து விசாரிப்பாங்களாம்” என்றார் அவர். யாரும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவோடு புதுமுகம் ஒன்று லயத்துப் பக்கம் வரும்போதும் நான் தாலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்வேன். அப்படியே வருடங்கள் போயின. மகள் பாவாடை தாவணிக்கு வந்துவிட்டாள்.

பிறகு முடிவு வந்தது. எங்கள் எல்லாருடைய மனுவும் தள்ளுபடி. கல்யாணத்தைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. முன்னொரு காலத்தில் நாங்கள் இந்தியாவுக்குப் போய்ச் சில மாதம் தங்கிவிட்டு வந்தோமாம், தொடர்ந்து இங்கே இருந்ததற்கு அத்தாட்சி போதாதாம். அவ்வளவுதான். எதற்காகப் பயந்தோமோ அதை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

எனக்கு ஆத்திரத்தில் சிரிப்புதான் வந்தது. அவர் வாசலில் குந்திக்கொண்டு மகளைக் கூப்பிட்டார். முகத்தில் ஒரு வெட்கம், எனக்குத் தாலி கட்டிய அன்றுகூட அப்படி ஒரு வெட்கத்தை நான் பார்க்கவில்லை.

“இனிமே பயமில்லம்மா. எவன் கேட்டாலும் கேட்கட்டும். என்னைய அப்பான்னு கூப்பிடு.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தாவணி முனையைத் திருகினாள். உதடு இரண்டு தடவை அசைந்தது.

“வாய் வர மாட்டேங்குது தாத்தா” என்றாள்.