அணிக்கு ஒரு ஓட்டு

எங்கள் வட்டாரத்தில் பெண்கள் கால்பந்துக்கு மூன்று சங்கங்கள் இருந்தன. திருப்பூரில் ஒன்று, பல்லடம் பொங்கலூர்ப் பக்கம் ஒன்று, தெற்கே கணியூர்ப் பக்கம் ஒன்று. மூன்றும் தாங்கள்தான் உண்மையான சங்கம் என்று சொல்லிக்கொண்டன. ஒன்று நடத்தும் போட்டிக்கு மற்ற இரண்டும் அணி அனுப்பாது. மாநிலப் போட்டிக்கு மூன்றும் தனித்தனியாக விண்ணப்பிக்கும். மேல் சங்கத்தார் மூன்றையும் திருப்பி அனுப்பிவிட்டு, ஒன்றாகச் சேர்ந்து வந்தால் பார்க்கலாம் என்பார்கள்.

அவற்றைச் சேர்த்துவைக்கலாம் என்று முதலில் சொன்னவள் என் கல்லூரித் தோழிதான். அணியில் அவள் நடு முன்வரிசை, நான் இடது ஓரம். நான் ஓரத்திலிருந்து தூக்கிக் கொடுத்த பந்துகளைத் தலையால் முட்டியே அவள் பெயர் வாங்கினாள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. இப்போது அவள் பொங்கலூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். நான் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லடம் ரோட்டில் உள்ள நூல் மில் விடுதிக்குப் போய், அங்கே தங்கி வேலை செய்யும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பேன். ஜார்க்கண்ட், ஒடிசா பெண்கள். ஊரில் வெறுங்காலில் ஆடிப் பழகியவர்கள். அவர்களுக்கு நான் பெரிதாகக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லமாட்டேன். ஜெர்சி வாங்கிக்கொடுத்தேன், மைதானம் பிடித்துக்கொடுத்தேன், அவ்வளவுதான்.

இருவரும் என் ஸ்கூட்டரில் ஒவ்வொரு கிளப்பாகப் போய்ப் பேசினோம். பேசியது பெரும்பாலும் நான். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பை உதாரணமாகச் சொல்வேன். எல்லையில் துப்பாக்கி நீட்டிக்கொண்டிருக்கும் நாடுகள்கூட அங்கே ஒரே மேசையில் உட்காருகின்றன. கோடிக்கணக்கில் ஜனம் உள்ள நாட்டுக்கும் ஒரு ஓட்டுத்தான், கடலுக்குள் கிடக்கும் சின்னத் தீவுக்கும் ஒரு ஓட்டுத்தான். அதனால்தான் சின்னவர்கள் பயமில்லாமல் சேர்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம், அணிக்கு ஒரு ஓட்டு என்பேன். கணியூரில் ஒரு கிளப் தலைவர், தோட்டத்தில் வாய்க்கால் ஓரம் நின்றபடியே முழுவதும் கேட்டுவிட்டு, "இது நாயமாத்தானுங்க இருக்குது" என்றார். அன்று திரும்பி வரும் வழி முழுக்க அவள் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள்.

பல்லடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடி மூன்றையும் ஒன்றாக்கினோம். அவள் தலைவர், நான் செயலாளர். விதிகளை இருவரும் சேர்ந்து எழுதினோம். விடுதி அணியையும் மற்ற அணிகளைப் போலவே உறுப்பினராகச் சேர்த்தோம். யாரும் மறுக்கவில்லை.

முதல் பருவம் நன்றாகத்தான் போனது. ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த கிளப்புகள், ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டன. கோப்பையை விடுதி அணி வென்றது. ஆடிய ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. பரிசு கொடுக்கும்போது கைதட்டல் கொஞ்சம் குறைவாக இருந்ததை நான் கவனித்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டம் மாநிலப் போட்டிக்கு அணி தேர்ந்தெடுப்பதைப் பற்றி. விடுதி அணியின் ஓட்டு என்னிடம் இருந்தது, ஏனென்றால் பெண்களுக்கு அன்று ஷிப்ட். பேச்சு ஆரம்பித்ததுமே ஒரு கிளப்காரர் எழுந்து, வெளி மாநிலத்துப் பெண்களை வைத்து ஆடும் அணியை இனிமேல் உறுப்பினராக வைத்திருக்க முடியாது என்றார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடம் எங்கே இருக்கும் என்று கேட்டார். அடுத்தவரும் அதையே சொன்னார். வார்த்தைகூட மாறவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவர்கள் ஏற்கனவே பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று. அவள் மறுப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் எழுந்து நிதானமாகப் பேசினாள். "ஆசியாவுலயே ஒரு நாட்டோட நாங்க ஆடமாட்டோம்னு மத்தவங்க சொன்னப்ப, அந்த நாட்டை வெளிய அனுப்பித்தானுங்க கூட்டமைப்பைக் காப்பாத்துனாங்க. அந்த நாடு அப்புறம் வேற கண்டத்துல போய்ச் சேர்ந்துக்கிச்சு. எல்லாரையும் சேத்து வெக்கோணும்னா, சில சமயம் ஒருத்தரை விட்டுத்தான் ஆவோணும்."

அந்தக் கதையை அவளுக்குச் சொன்னவள் நான். ஒரு மழை நாளில் டீக்கடையில் ஒதுங்கி நின்றபோது, இப்படியும் நடந்திருக்கிறது பார் என்று வேடிக்கையாகச் சொன்னது.

கை தூக்கச் சொன்னார்கள். என் கையைத் தவிர எல்லாக் கைகளும் எழுந்தன, கணியூர்க்காரருடையது உட்பட. அவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு தூக்கினார். தலைவர் கை தூக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் தலைவருக்கு ஓட்டு என்பது நாங்கள் எழுதிய விதி. அவளும் தூக்கினாள்.

மண்டபத்து வாசலில் அவளைப் பிடித்து நிறுத்தினேன். "ஏம்புள்ள, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ ஒத்துக்கமாட்டே. அதான் சொல்லல." செருப்பை மாட்டிக்கொண்டே, "அவங்க இருந்தா நாங்க போயிருவோம்னு எல்லாரும் சொல்லிப்போட்டாங்க. மறுபடியும் மூணா உடையறதுக்கா நாம அத்தனை ஊரு அலைஞ்சோம்?" என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது என்பதுதான் என்னை இன்னும் எரியவைத்தது. ஆனால் அந்தக் கிளப்புகளுக்கு அவள் எனக்குத் தெரியாமல் தனியாகப் போய்வந்திருக்கிறாள். நான் வழிகாட்டிக் கூட்டிப்போன அதே வீடுகளுக்கு. செயலாளர் பதவியை அன்றே விட்டேன்.

விடுதியில் பார்வையாளர் அறையில் வைத்துப் பெண்களிடம் சொன்னேன். அழுவார்கள் என்று பயந்தேன். யாரும் அழவில்லை. கேப்டன் பெண் மில்லில் கற்ற தமிழில், "பக்கத்து ஜில்லாவுல நம்மளைச் சேத்துப்பாங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள். விசாரித்தேன். அங்கேயும் உள்ளூர் முகவரி கேட்டார்கள். விடுதி முகவரி செல்லாது என்றார்கள்.

அந்த வருடம் எங்கள் வட்டார அணி முதல்முறையாக மாநிலப் போட்டிக்குப் போய் அரையிறுதி வரை ஆடியது. செய்தித்தாளில் படம் வந்திருந்தது. அவள் ஓரத்தில் விசிலோடு நின்றாள். கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் பெண்கள் அதைக் கொண்டுவந்து காட்டி, உங்க சங்கமாங்க அக்கா என்று பெருமையாகக் கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

சில மாதம் கழித்து அவள் போன் செய்தாள். திரும்பவும் செயலாளராக வரச் சொன்னாள். நான் இல்லாமல் வேலை ஓடவில்லை என்றாள். பிறகு குரலை இறக்கி, "கோவிச்சுக்காத புள்ள. எல்லாம் கொஞ்சம் ஆறட்டும், அடுத்த வருசம் அவங்களைச் சேத்துக்கலாம்" என்றாள்.

அதற்குள் கேப்டன் பெண் கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போய்விட்டிருந்தாள். கோல் கீப்பரும் இன்னும் சிலரும் பெங்களூர்ப் பக்கம் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார்கள். அவர்களுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இங்கே இருந்ததே இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

"தையல் லைன்ல வேலை இருக்குது" என்று சொல்லிப் போனை வைத்தேன்.